லிபரேட்டரின் மூக்கு

அஸ்தினாபுரம்,
9.9.2024

திருமதி ரத்தினபாய் அவர்களுக்கு,

தோத்தாத்ரி எழுதுவது. கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற மாதம் போனில், "சார், நீங்க என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடமாட்டேங்கறீங்க" என்று குற்றம் சாட்டினீர்கள். கடிதத்தில் எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் வெளியேறியது வெளியேறியதுதான். திரும்பச் சேர்க்க முயல வேண்டாம்.

விஷயம் இறக்கை.

நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்களும் நானும் சேர்ந்து ஒன்றரை வருஷமாகச் செய்துவந்தது லிபரேட்டர். நம் விமானப்படையில் ஒரு காலத்தில் பறந்த நாலு எஞ்சின் விமானம். நாம் செய்தது கிட் வாங்கி ஒட்டும் பிளாஸ்டிக் மாதிரி, அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உடல் என் வீட்டில் தயாரானது, இறக்கைகள் எதிரே உங்கள் வீட்டில் தயாராயின. ஒட்டவேண்டிய சமயத்தில் நீங்கள் ஒரு பேச்சை எடுத்தீர்கள். மூக்குச் சக்கரம் வைத்த விமானம், பின்பக்கம் கனம், அதனால் மூக்குக்குள் ஈயம் வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும் என்றீர்கள். நான் தேவையில்லை என்றேன். இன்றும் தேவையில்லை என்கிறேன். நீங்கள் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு கிண்டியில் ஸ்டோர் கீப்பராகப் போனவன். ஆனால் மீனம்பாக்கம் வேலியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு நான் பார்த்த ஆயிரம் விமானங்களில் ஒன்றின் மூக்கிலும் யாரும் ஈயம் அடைத்துக்கொண்டிருக்கவில்லை.

அதற்குப் பதில் சொல்லமுடியாமல் நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கூடுவாஞ்சேரிக்கு மகனிடம் போய்விட்டீர்கள். போனது உங்கள் சௌகரியம். ஆனால் லாரியில் ஏறிய பிரஷர் குக்கர் பெட்டிக்குள் குக்கர் இல்லை, லிபரேட்டரின் இறக்கைகள் இருந்தன என்பதை என் மனைவி பாலாம்பாள் பார்த்திருக்கிறாள். பார்த்தவள் அன்றைக்கே சொல்லாமல் மூன்று நாள் கழித்துச் சொன்னாள். அது வேறு வழக்கு.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, சேலையூர் மண்டபத்தில் நம் குழுவின் கண்காட்சி. போன வருஷம் என் ஹண்டர் விமானத்தைக் குழந்தைகள் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு பயல் அதை மிக்சர் தட்டில் இறக்கி விளையாடினான். இந்த வருஷம் பெரியவர்கள் மேஜையில் லிபரேட்டர் நிற்கவேண்டும். அதற்கு இறக்கை வேண்டும். உடனே கூரியரில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தோத்தாத்ரி

---

கூடுவாஞ்சேரி,
16.9.2024

தோத்தாத்ரி சாருக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்கள், மாமி, இருவரும் சுகம்தானே? மாமியிடம் நான் திருடவில்லை என்று சொல்லுங்கள். இறக்கையைச் செய்தவள் நான். செய்தவள் கொண்டுபோவதற்குப் பெயர் திருட்டு இல்லை.

கூரியரில் அனுப்பமாட்டேன். நாலு எஞ்சின், பன்னிரண்டு புரொப்பெல்லர் பிளேடு, அடியில் இரண்டு பெரிய சக்கரக் கால். இதெல்லாம் கூரியர்காரர் எறிகிற எறிக்கு வந்து சேராது. சேர்ந்தாலும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"நான் செஞ்ச எந்த விமானமும் வாலில உக்காந்ததில்லை" என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்கிறீர்கள். உண்மைதான் சார். எப்படி உட்காரும்? நீங்கள் செய்த அத்தனையும் உங்கள் ஹாலில் நைலான் நரம்பு கட்டி உத்திரத்திலிருந்து தொங்குகின்றன. உங்கள் வீட்டில் ஃபேன் போடமுடியாமல் மாமி விசிறியால் விசிறிக்கொண்டு சீரியல் பார்ப்பது எனக்குத் தெரியாதா? இறக்கையை உங்களிடம் விட்டுவைத்தால் லிபரேட்டரும் அங்கேதான் போய்த் தொங்கும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கு. நம்முடைய விமானம் தொங்கக்கூடாது. மேஜைமேல் தன் காலில் நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

மூக்கைப் பற்றி இனிமேல் நமக்குள் பேச்சு வேண்டாம். இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே எடை வைக்கச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
ரத்தினபாய்

---

அஸ்தினாபுரம்,
24.9.2024

திருமதி ரத்தினபாய் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எடை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பாலாம்பாளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். "ஜெயிச்சேளா? சந்தோஷம். ஜெயிச்சவர் போய் பால் வாங்கிண்டு வாங்கோ" என்றாள்.

ஆனால் பால் வாங்கிவரும்போது எனக்கு ஒரு யோசனை. இருபது வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்திருக்கிறோம். மெட்ரோ தண்ணீர் லாரி எந்த வாசலில் நிற்பது என்பதில் நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. என் முருங்கைக் கிளை உங்கள் சுவர்மேல் சாய்ந்ததற்கு விட்டுக்கொடுத்ததில்லை. இதில் மட்டும் ஒரே கடிதத்தில் இறங்கிவரக் காரணம் என்ன? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடல் நன்றாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். தூக்கிப் பார்த்தால் கையில் நல்ல கனம். கிட் செய்த கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்கில் கலப்படம் செய்யவில்லை.

தொங்கவிடமாட்டேன் என்று வாக்குத் தரமுடியாது. என் வீட்டு உத்திரம் என் உரிமை. ஆனால் கண்காட்சி முடியும்வரை தொங்காது. இறக்கையோடு நீங்கள் இங்கே வந்தால் ஒட்டிவிடலாம். அஸ்தினாபுரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இடம் மாறியது நீங்கள்.

தோத்தாத்ரி

---

கூடுவாஞ்சேரி,
6.10.2024

தோத்தாத்ரி சாருக்கு,

முழங்கால் வலியோடு நான் எலக்ட்ரிக் ரயில் ஏறமுடியாது. மகன் மெர்வினுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு, அன்றைக்கு ஆராதனை. நீங்கள்தான் திடகாத்திரமாக இருக்கிறீர்கள். குரோம்பேட்டையில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் உட்கார்ந்துகொண்டே வந்துவிடலாம். மாமியையும் அழைத்து வாருங்கள். மாமிக்குத் தனியாகப் புதுப் பாத்திரத்தில் காபி போடுகிறேன்.

இங்கே சுற்றிலும் பிளாட் கல் நட்ட பொட்டல். மயில்கூட வருகிறது. மருமகள் ஜெரூஷா தங்கமான பெண். ஆனால் நேற்று எஞ்சின் மூடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், வந்து பார்த்து, "அழகா இருக்கு அத்தை, கிறிஸ்மஸ் மரத்துல மாட்டலாமா?" என்றாள். மெர்வின், "அம்மா, ரெடிமேடாவே கிடைக்குதே, ஆர்டர் போட்டுரட்டுமா?" என்கிறான். "டீச்சர், அது ஆலிவ் கலர் இல்லே, சாணிக் கலர்" என்று சண்டைக்கு வர இங்கே ஒரு மனிதர் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், மூக்கைத் தொடாதீர்கள். பூட்டி வைத்தது பூட்டியபடியே இருக்கட்டும்.

அன்புடன்,
ரத்தினபாய்

---

அஸ்தினாபுரம்,
20.10.2024

ரத்தினபாய் டீச்சர் அவர்களுக்கு,

செங்கல்பட்டு வண்டியில் நான் வரமாட்டேன். வந்தால் நான் இறங்கிவந்ததாக ஆகும்.

அது சாணிக் கலர்தான். அதில் மாற்றம் இல்லை.

இப்போது வேறு ஒரு பொது அறிவுக் கேள்வி. இதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. பல்லாவரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவரும் மூக்குச் சக்கரம் வைத்த ஒரு விமானம் செய்திருக்கிறார். உடலை ஒட்டி மூடிவிட்டார். இதுவரை எடை வேண்டாம் என்ற கொள்கையோடு இருந்தவர். ஆனால் எப்போதும் எடை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒருவர் வேண்டாம் என்றால் அநேகமாக வேண்டும் என்றுதான் அர்த்தம், நம்மைக் கண்காட்சியில் வாலில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கப் போகிறார் என்று நினைக்கிறார். நியாயமான சந்தேகம்தான் என்று எனக்கும் படுகிறது.

அவர் கேட்பது இதுதான். மூடிய மூக்குக்குள் எடையை எப்படிப் போடுவது? எவ்வளவு போடுவது? இரண்டு கால்கள் இறக்கையோடு வேறு ஊரில் இருப்பதால், நிறுத்திப் பார்க்கவும் அவருக்கு வழியில்லை.

தோத்தாத்ரி

---

கூடுவாஞ்சேரி,
28.10.2024

தோத்தாத்ரி சாருக்கு,

உங்களுக்குக் குரோம்பேட்டைக்கு வடக்கே நண்பர்களே கிடையாது. தெற்கே ஒருத்தி இருந்தாள், அவளையும் வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டு வெளியேறிவிட்டீர்கள்.

பல்லாவரம் நண்பரிடம் சொல்லுங்கள்: எதுவும் போடவேண்டாம். திறக்கவேண்டாம். யாரும் அவரை வேடிக்கை பார்க்கப் போவதில்லை. அந்த ஒருவருக்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது, அதை இப்போது சொன்னால் பெரிய சண்டை வரும், கண்காட்சி முடிந்தபின் சொல்வார். டீச்சராக முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் "ஏன்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்தவள், முதல்முறையாகச் சொல்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். சும்மா இருங்கள்.

தீபாவளிக்கு மாமி அதிரசம் சுட்டால் எனக்கு இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரத்தினபாய்

---

அஸ்தினாபுரம்,
15.11.2024

ரத்தினபாய் டீச்சர் அவர்களுக்கு,

என் நண்பரிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். "படிச்சவா எல்லாம் இப்படித்தான், தெரிஞ்சதைச் சொல்லித்தர மாட்டா" என்றார். எந்த வாத்தியாரும் இல்லாமல் தானே கற்றுக்கொண்டவர் அவர். இதையும் தானே கற்றுக்கொண்டார். எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொன்னீர்களா?

பசை விஷயத்தில் மட்டும் ஒன்று. நீங்கள் எல்லோரும் வாங்கும் சின்னப் பாட்டில் பசையை அவர் தொடுவதில்லை. தெர்மாகோலைத் தின்னரில் கரைத்துத் தானே பசை காய்ச்சுகிறார். நானும் அப்படித்தான். கெட்டியான பசை. கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியிருக்கிறார். மூன்று நாளாக அவர் வீடு முழுக்கத் தின்னர் வாடை. அவர் மனைவி, "பெயிண்ட் கடைக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

இங்கே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் புதுக் குடித்தனக்காரர் மோட்டார் போட்டு இறைக்கிறார், தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது. கேட்டால், "சாரி அங்கிள்" என்கிறார். சண்டைகூடப் போடத் தெரியவில்லை.

நீங்கள் வரமாட்டீர்கள், நான் வரமாட்டேன். ஆகவே பொது இடம். கண்காட்சியன்று காலையில் சேலையூர் மண்டபம். நீங்கள் இறக்கையோடு வாருங்கள், நான் உடலோடு வருகிறேன். இறக்கை உடலில் சொருகி நிற்கும்படிதான் அந்தக் கிட் இருக்கிறது, பசை வேண்டாம். சொருகி, மேஜையில் வைத்து, கலைந்துவிடலாம். பேசவேண்டிய அவசியம்கூட இல்லை.

அதிரசம் இந்த வருஷம் பாகு பதம் தவறிவிட்டது. ஆனாலும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

தோத்தாத்ரி

---

கூடுவாஞ்சேரி,
26.12.2024

தோத்தாத்ரி சாருக்கு,

சம்மதம். மண்டபத்திற்கு வருகிறேன். மெர்வின் காரில் கொண்டுவந்து விடுவான்.

மெர்வின் நேற்று உங்கள் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தபோது, மாமி முட்டையில்லாத கேக்கா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். முட்டையில்லாததுதான். ஆனால் அவன் வேறு ஒன்று சொன்னான். "அம்மா, அந்த பிளேன் ஃபிரிட்ஜ் மேல இருக்கு. மூக்குக்குக் கீழே ஒரு துண்டை மடிச்சு வெச்சிருக்காரு. காய்ச்சல்காரனுக்குத் தலையணை வெச்ச மாதிரி." எதற்கு சார் துண்டு? அந்த மூக்கில் எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருக்கிறீர்களா? கர்த்தர்மேல் ஆணையாகக் கேட்கிறேன். கடிதம் வேண்டாம், போன் செய்யுங்கள்.

ரத்தினபாய்

---

அஸ்தினாபுரம்,
2.1.2025

ரத்தினபாய் டீச்சர் அவர்களுக்கு,

துண்டு தூசிக்காக.

போன் செய்யமாட்டேன். புத்தாண்டு வாழ்த்துகள். பன்னிரண்டாம் தேதி ஒன்பது மணி. தாமதம் கூடாது.

தோத்தாத்ரி

---

அஸ்தினாபுரம்,
14.1.2025, பொங்கல்

ரத்தினபாய் டீச்சர் அவர்களுக்கு,

நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று பாலாம்பாள் சொல்கிறாள். நான் சண்டை போடவில்லை. சில உண்மைகளைப் பதிவு செய்கிறேன்.

முதலாவது, சேலையூர் மண்டபத்தின் தரை சரியில்லை. வழவழப்பான கிரானைட். அதன்மேல் போட்ட மேஜை ஆடுகிறது. ஆடும் மேஜையில் எந்த விமானமும் நிற்காது.

இரண்டாவது, நடுவர் கேசவன். அவர் குனிந்து பார்த்த விதம் சரியில்லை. மூச்சுக் காற்று பட்டது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு விமானத்துக்கு அது புயல்.

மூன்றாவது, தரையில் உருண்ட பொருள்கள். அவற்றில் ஈயக் குண்டுகள் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தூண்டிலில் கட்டுகிற ஈயம். நான் சைவம். என் வீட்டில் தூண்டில் இல்லை. ஆக, யாரும் தொடவே கூடாது என்று நான் தடுத்துவைத்திருந்த மூக்குக்குள், நான் இல்லாத நேரம் பார்த்து ஒருவர் ஈயம் வைத்திருக்கிறார். வைத்துவிட்டு "எடை வேண்டாம், எடை வேண்டாம்" என்று நான்கு மாதம் கடிதம் எழுதியிருக்கிறார். இதற்கு என்ன பெயர் என்று டீச்சரே சொல்லட்டும்.

சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் முந்தின நாள் யாராவது சைக்கிள் ரிப்பேர் செய்திருக்கலாம்.

நான்காவது, பரிசு. "சிறந்த விபத்துக் காட்சி" என்று ஒரு அட்டையை எழுதி நம் மேஜையில் வைத்துவிட்டார் கேசவன். நான் அவரிடம் தெளிவாகச் சொன்னேன்: "சார், இது விபத்துக் காட்சி இல்லே. விபத்து." அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மேஜையில் அட்டையும் இல்லை, இறக்கையும் இல்லை, நீங்களும் இல்லை. அட்டையைக் கேசவனிடம் திருப்பித் தரவும். இறக்கையை மறுபடி எடுத்துக்கொண்டு போனதற்கு என் கண்டனம்.

தோத்தாத்ரி

---

கூடுவாஞ்சேரி,
20.1.2025

தோத்தாத்ரி சாருக்கு,

கடிதத்தை ஜெரூஷாவுக்குப் படித்துக் காட்டினேன். சைக்கிள் ரிப்பேர் என்ற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஈயம் நான்தான் வைத்தேன். மூன்று குண்டு. வீடு மாறுவதற்கு முதல் நாள், நீங்கள் பி.பி. மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, மாமிதான் கதவைத் திறந்துவிட்டார்கள். "சீக்கிரம் வெச்சுட்டுப் போங்கோ டீச்சர், அவர் வந்தா ஊரைக் கூட்டிடுவார்" என்று வாசலில் காவலும் நின்றார்கள். கண்ணாடிக் கூண்டைக் கழற்றி, பைலட் சீட்டுக்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தேன். அதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் நேராகச் சொல்லிச் செய்ய முடியாததற்கெல்லாம் அஸ்தினாபுரத்தில் ஒரே பெயர்தான் சார், உபகாரம். மாமியைக் கேளுங்கள்.

அளவாகத்தான் வைத்தேன். கணக்குப் போட்டு வைத்தேன். அதற்குமேல் உங்கள் பல்லாவரம் நண்பர் அதே கூண்டைக் கழற்றி ஒரு கைப்பிடி பால்ரஸ் குண்டைக் கொட்டி, தெர்மாகோல் பாயசத்தை ஊற்றி மூடியிருக்கிறார். மூடிய மூக்குக்குள் காற்று எங்கே சார்? தின்னர் எப்படிக் காயும்? இரண்டு மாதம் உள்ளேயே ஊறி பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டது. என் ஈயத்தை ஒட்டிய பசையையும் கரைத்துவிட்டது. துண்டு தூசிக்காக என்றீர்கள்! மூக்குக் கால் அப்போதே வளைய ஆரம்பித்திருக்கும்.

நடந்ததைப் பற்றி உங்கள் பதிவில் விட்டுப்போன சிலவற்றை நானும் பதிவு செய்கிறேன். கேசவன் சார் மார்க் போட நம் மேஜைக்கு வந்து குனிந்தார். விமானமும் குனிந்தது. அவர் இன்னும் குனிந்தார். அதுவும் இன்னும் குனிந்தது. இருவரும் மாறி மாறிக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. பிறகு 'டிக்' என்று கால் ஒடிந்து, மூக்கு வாய் திறந்து, கொட்டியது பாருங்கள்! ஈயம் விழுந்த இடத்தில் கிடந்தது. பால்ரஸ்தான் மண்டபம் முழுக்க ஓடியது. கேசவன் சார் ஒன்றை மிதித்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, கையில் இன்னொன்றை எடுத்துப் பார்த்து, "அடேயப்பா! சக்கரத்து பேரிங் உடைஞ்சு சிதறுற வரைக்கும் காட்டியிருக்காங்க, என்ன டீடெயிலு!" என்றார். அந்த மனிதரிடம் போய் "இது விபத்து" என்று சொன்னது இந்த உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும்.

அட்டையைத் தரமாட்டேன். அது நான் பாட்டு வாசிக்கும் கீபோர்டுமேல் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பது பரிசுக்காக இல்லை.

ஒன்பது மணிக்கு இறக்கையைச் சொருகி மேஜையில் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். இருவரும் கையை எடுத்தோம். அது நின்றது. எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நாம் போகவில்லை. நீங்கள் என்னைப் பார்க்காமல் விமானத்தைப் பார்த்துக்கொண்டே, "நிக்கறது டீச்சர்" என்றீர்கள். சண்டை தொடங்கியதிலிருந்து என்னிடம் நீங்கள் நேரில் பேசிய முதல் வார்த்தை அது. நான் பயத்தில் பதில் சொல்லவில்லை. உரக்கப் பேசினால் விழுந்துவிடுமோ என்று.

இறக்கைகளை மெர்வின் கையில் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை குக்கர் பெட்டியில் இல்லை, நல்ல பெட்டியில். எந்த நிபந்தனையும் இல்லை. தொங்கவிடுவதானால் விடுங்கள். நீங்கள் சொன்னது சரி, அது உங்கள் உத்திரம்.

அன்புடன்,
ரத்தினபாய்

---

அஸ்தினாபுரம்,
2.2.2025

டீச்சருக்கு,

இறக்கைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒரு பிளேடுகூட ஒடியவில்லை. மெர்வினுக்குக் காபி கொடுத்தோம். "அங்கிள், அம்மாவை மறுபடியும் குரூப்ல பேசவைங்க, வீட்ல எங்களைத்தான் திருத்துறாங்க" என்றான். குழுவில் நான் சேர்வதாக இல்லை. யாராவது சேர்த்துவிட்டால் நான் என்ன செய்யமுடியும்? வெளியேறும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்துவிட்டது.

லிபரேட்டரைத் தொங்கவிடவில்லை. உத்திரத்தில் இடம் இருக்கிறது, ஆனாலும் தொங்கவிடவில்லை. கண்ணாடி அலமாரியில், மண்டபத்தில் இருந்த அதே நிலையில், மூக்கு தரையைத் தொட வைத்திருக்கிறேன். பாலாம்பாள் அதைப் பார்த்து, "பெருமாளைச் சேவிக்கற மாதிரி இருக்கு" என்றாள். மெர்வின், "முழங்கால் போட்டு ஜெபம் பண்ற மாதிரி இருக்கு" என்றான். எனக்கு இரண்டும் தெரியவில்லை. கேசவன் விட்ட மூச்சில் விழுந்த மாதிரிதான் இருக்கிறது. இந்தக் கருத்தில் மாற்றம் இல்லை.

பாலாம்பாளிடம் அந்த மாத்திரை வாங்கப் போன நாளைப் பற்றி விசாரித்தேன். "ஆமாம், திறந்துவிட்டேன். இப்போ என்னங்கறேள்?" என்றாள். இருபது வருஷமாக எதிர்வீட்டில்தான் எதிரி இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பல்லாவரம் நண்பரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் வீடு மாறிப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. போகுமுன் தெர்மாகோல் பசை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

இதன் பின்னாலேயே ஒரு பார்சல் வருகிறது. கூரியர் இல்லை, நானே கொண்டுவருகிறேன். சனிக்கிழமை காலை, செங்கல்பட்டு வண்டி. கூடுவாஞ்சேரியில் எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்று எழுதவும், அல்லது மெர்வினை ஸ்டேஷனுக்கு அனுப்பவும். இதை நான் இறங்கிவந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பாலாம்பாளுக்கு மயில் பார்க்க ஆசை. புதுப் பாத்திரத்துக் காபியும் மறக்கவில்லை என்கிறாள்.

பார்சலில் இருப்பது டகோட்டா விமானத்தின் கிட். நெடுநாளாகப் பரண்மேல் வைத்திருந்தேன். அதன் உடல் பாகங்கள் மட்டும் உங்களுக்கு. இறக்கைகளை நான் வைத்துக்கொள்கிறேன். போன தடவை உடலை வைத்திருந்தவன் நான், அதனால்தான் இவ்வளவு பேச்சு. இந்தத் தடவை உடல் உங்களிடம் இருக்கட்டும். ஒட்டும்போது யாராவது ஒருவர் ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். அதை அப்போது சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

டகோட்டாவுக்கு மூக்குச் சக்கரம் கிடையாது. சின்னச் சக்கரம் வாலில்தான். பிறவியிலேயே வாலில் உட்காரும் விமானம். மூக்குக்குள் எடை தேவையே இல்லை. இதை பிசிக்ஸும் ஒப்புக்கொள்ளும் என்று நம்புகிறேன்.

ஆனாலும் நீங்கள் போடுவதானால் சொல்லிவிட்டுப் போடுங்கள். நானும் சொல்லிவிட்டுப் போடுகிறேன்.

தோத்தாத்ரி